21 நாள் மாத்திரை

மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயர் பால்போசிக்ளிப். 21 நாள் போட வேண்டும், 7 நாள் விட வேண்டும். சாப்பாட்டோடு போடணும். முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள், "இது உள்ள போய் என்னடா பண்ணும்?"

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டாச்சு. "படிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றேன். அன்றிரவு அந்த மாத்திரையைத் துரத்திக்கொண்டு போனால், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டில் போய் நின்றேன்.

1970களின் தொடக்கத்தில், சியாட்டிலில், லீலண்ட் ஹார்ட்வெல் சில பழுதான ஈஸ்ட் வகைகளைச் சேர்த்து வைத்திருந்தார். 23 டிகிரியில் ஒழுங்காகப் பிரியும். 36 டிகிரிக்குக் கொண்டுபோனால், எந்த ஜீன் பழுதோ அதற்கேற்ற கட்டத்தில் எல்லாச் செல்லும் அப்படியே நின்றுவிடும். நாங்கள் பக் தேடுகிற அதே முறை. அதில் சிடிசி28 பழுதான செல் மொட்டே விடாது. அது நிற்கிற இடத்துக்கு 'ஸ்டார்ட்' என்று பெயர். அதைத் தாண்டிவிட்ட செல், சாப்பாடு தீர்ந்துபோனாலும் பிரிந்தே முடிக்கும். 2001 நோபல் பரிசில் ஹார்ட்வெல்லுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

ஸ்டார்ட்டில் என்ன நடக்கிறது? எஸ்பிஎஃப் என்கிற புரதக் கூட்டு, பிரிவதற்குத் தேவையான ஜீன்களின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வை5 என்ற இன்னொரு புரதம் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. சிஎல்என்3 முதல் தள்ளு தள்ளுகிறது. பிடி கொஞ்சம் தளர, சில ஜீன்கள் படியெடுக்கப்படுகின்றன. சிஎல்என்1, சிஎல்என்2 அவற்றில் உண்டு. அவை சிடிசி28ஓடு சேர்ந்து திரும்பி வந்து, வை5 மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதை உட்கருவை விட்டே வெளியேற்றுகின்றன. தளரத் தளர இன்னும் சிஎல்என். சிஎல்என் பெருகப் பெருக இன்னும் தளர்வு. சுமார் 200 ஜீன்கள் ஓர் அலையாக எழுகின்றன. அதற்குப் பிறகு அன்டூ கிடையாது.

நம் உடம்பில் வை5 இடத்தில் இருப்பது ஆர்பி. எஸ்பிஎஃப் இடத்தில் ஈ2எஃப். ஆர்பியையும் வை5ஐயும் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் உறவே தெரியாது. ஆனால் டிசைன் ஒன்றுதான். ஆர்பியைத் தளர்த்துகிற சிடிகே4, சிடிகே6 இரண்டின் கையையும் அம்மாவின் மாத்திரை கட்டிப்போடுகிறது.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னேன். "செல்லுக்குள்ள ஒரு பிரேக் இருக்கும்மா. அதை விடாம இது பிடிச்சுக்கும்."

"நல்ல செல்லுக்கும் பிடிக்குமா?"

"பிடிக்கும். எலும்பு மஜ்ஜையில ரத்த வெள்ளணு உண்டாகறதும் குறையும். அது தேறத்தான் ஏழு நாள் லீவு."

அம்மா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். "அப்போ அந்த ஏழு நாள்ல அதுவும் ஓடுமேடா?"

என்னிடம் பதில் இல்லை. "ஓடுறதுக்குள்ள மறுபடி போட்டுடலாம்மா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ரசத்தை எடுத்து வைக்கச் சொன்னாள். நான் போனை எடுத்து, எட்டாம் நாளுக்கு வைத்திருந்த ஒரு அலாரத்தை இரண்டாக்கினேன்.