ஓடுறதுக்கு முன்னாடி எங்க சாப்பிடலாம்?

மீட் தேதி வந்ததும் நம்ம டீம் வாட்ஸ்அப் குரூப்பில் முதல்ல விழுற கேள்வி ஈவன்ட் லிஸ்ட் பத்தி இல்ல, ஸ்பைக்ஸ் பத்தியும் இல்ல. "அண்ணா, ஸ்டேடியம் பக்கத்துல காலையில எங்க சாப்பிடலாம்?" இதுதான். ரெண்டு வருஷமா இதுக்கு நான்தான் பதில் சொல்லிட்டு இருக்கேன். இப்போ ஃபைனல் இயர். அடுத்த வருஷம் இந்தக் கேள்வி வரும்போது நான் குரூப்பில் இருப்பேனா தெரியல. அதனால பதிலை முழுசா இங்கேயே எழுதி வெச்சுடுறேன்.

என் தகுதி என்னன்னு கேட்டா: 5000 மீட்டர் ஓடுவேன். மெடல் எல்லாம் பெருசா இல்ல. ஆனா எங்க ஊர் குப்பனூர், எங்கம்மா நடத்துறது டிஃபன் கடை. சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் அனுபவம் உண்டு.

குப்பனூர் தெரியாதவங்களுக்கு: சேலத்துல இருந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டி அரூர் ரோட்டுல வரணும். ஏற்காட்டுக்கு ரெண்டு வழி. எல்லாரும் ரீல்ஸ் எடுக்கிற 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு ஒண்ணு. எங்க ஊர்ல ஆரம்பிச்சு கொட்டச்சேடு வழியா ஏறுற ரோடு இன்னொண்ணு. மழைக்காலத்துல மெயின் ரோட்டுல மண் சரிஞ்சா மொத்த டிராஃபிக்கும் எங்க பக்கம் திரும்பிடும். அன்னிக்கு எங்கம்மாவோட மாவு பத்து மணிக்கே காலியாகிடும்.

மத்த நாள்ல, முக்கியமா ஞாயித்துக்கிழமை விடியக்காலையில, சைக்கிள்காரங்க வருவாங்க. மலை ஏறுறதுக்கு முன்னாடி கடையில நின்னு சாப்பிடுவாங்க. அங்க உக்காந்து நான் கத்துக்கிட்டது நிறைய. ரெண்டு இட்லியும் டீயும் சாப்பிட்டுட்டு கிளம்புறவங்க மதியம் சிரிச்சுக்கிட்டே இறங்கி வருவாங்க. பூரி செட்டு ரெண்டு பிளேட் அடிச்சுட்டு ஏறினவங்க மூணாவது வளைவுலயே ரோட்டோர சுவத்துல உக்காந்திருப்பாங்க. அம்மா அவங்ககிட்ட முன்னாடியே சொல்லும்: "மேல போய்ட்டு வந்து பூரி சாப்பிடு சாமி, எங்கேயும் ஓடிடாது." சிலர் கேட்பாங்க, சிலர் கேட்க மாட்டாங்க.

காலேஜ் சேர்ந்தப்புறம் இதையே இங்கிலீஷ்ல படிச்சேன். ரேஸ் நாள் காலை உணவுன்னு தேடினா ஓட்ஸ், பேகல், பீனட் பட்டர் டோஸ்ட்னு வரும். காலையில அஞ்சரை மணிக்கு சேலத்துல பேகலுக்கு நான் எங்க போறது? ஆனா அந்த லிஸ்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் எளிமையானது. மாவுச்சத்து இருக்கணும், எண்ணெயும் நார்ச்சத்தும் கம்மியா இருக்கணும், வயித்துக்குப் பழகின சாப்பாடா இருக்கணும். அப்படிப் பாத்தா அவங்க சுத்தி வளைச்சு சொல்றது இட்லியைத்தான்.

கொஞ்சம் கணக்கு

நாம சாப்பிடுற மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனா மாத்தி தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்குது. மொத்தமா சுமார் 400, 500 கிராம் இருக்கும். மாரத்தான் ஓடுறவங்களுக்கு இது 30 கிலோமீட்டர் பக்கம் தீர ஆரம்பிக்கும். 1960கள்ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் தசையில ஊசி போட்டு துளி சதை எடுத்துப் பாத்துதான், சாப்பாட்டை மாத்தினா இந்தச் சேமிப்பும் மாறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதைச் சீக்கிரமே புடிச்சுக்கிட்டவர் இங்கிலாந்து ஓட்டக்காரர் ரான் ஹில். 1969 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் மாரத்தானை ஏதென்ஸ்ல ஜெயிச்சார்.

நம்ம 5000 மீட்டர் பன்னிரண்டரை ரவுண்டு. அதுக்குள்ள கிளைகோஜன் தீராது. அப்புறம் எதுக்கு காலைச் சாப்பாடு? ராத்திரி தூங்கும்போது கல்லீரல்ல இருக்கிற சேமிப்பு இறங்கிடும். ரத்தத்துல சர்க்கரையைச் சமமா வெச்சுக்கிறது அதுதான். வெறும் வயித்துல வெயில்ல காத்திருந்தா முதல்ல போறது கால் இல்ல, தலை.

எவ்வளவு சாப்பிடணும்? ஓடுறதுக்கு ஒண்ணுல இருந்து நாலு மணி நேரம் முன்னாடி, உடம்பு எடையில கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்துன்னு சொல்றாங்க. அது நீண்ட தூரம் ஓடுறவங்களுக்கு. நமக்கு அதுல கீழ்ப்பக்கக் கணக்கே போதும். 60 கிலோ பையனுக்கு 60 கிராம். நடுத்தர இட்லி ஒண்ணுல சுமார் 10 கிராம், வாழைப்பழம் ஒண்ணுல சுமார் 25. நாலு இட்லி, ஒரு பழம். கணக்கு முடிஞ்சுது.

சரி, எங்க?

சேலம் காந்தி ஸ்டேடியத்துல மீட்னா என் வழி இதுதான். பஸ்ல வர்றவங்க புது பஸ் ஸ்டாண்ட்லயே சாப்பிட்டுடுங்க. விடியறதுக்கு முன்னாடியே அங்க சூடா இட்லி கிடைக்கும். கூட்டம் இருக்கிற கடையாப் பாருங்க. கூட்டம் இருந்தா இட்லி பழசா இருக்க வாய்ப்பில்ல. நேரா ஸ்டேடியம் வர்றவங்க அஸ்தம்பட்டி பக்கம் தள்ளுவண்டிக் கடையைப் பாருங்க. வாக்கிங் வர்றவங்க நின்னு சாப்பிடுற வண்டி எதுவோ அதுதான் நம்ம வண்டி. தேங்காய் சட்னியை நான் தொட மாட்டேன், வெயில்ல சீக்கிரம் புளிச்சுப் போகும். சாம்பார் கொதிக்கக் கொதிக்க இருந்தா ஊத்திக்குங்க. தண்ணி வீட்டுல இருந்து.

டீ, காபி? தினமும் குடிக்கிற ஆளா இருந்தா குடிங்க. குடிக்காத ஆள் ரேஸ் அன்னிக்கு ஆரம்பிக்க வேண்டாம். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான்ல கியூபாவோட ஃபெலிக்ஸ் கார்வஹால் வழியில ஒரு தோட்டத்துல ஆப்பிள் பறிச்சுத் தின்னு வயித்து வலில படுத்துட்டார்னு ஒரு கதை உண்டு. அப்படியும் நாலாவதா வந்தார். நமக்கு அந்த அளவு உடம்பு கிடையாது.

"உசேன் போல்ட் சிக்கன் நக்கெட்ஸ் சாப்பிட்டுத்தான பெய்ஜிங்ல 9.69 ஓடினார்"னு ஒரு ஜூனியர் கேட்டான். உண்மைதான், 2008ல பெய்ஜிங்ல அவர் நக்கெட்ஸாத்தான் தின்னார். அவர் ஓடினது பத்து செகண்ட் கூட இல்ல தம்பி. நீ ஓடப் போறது பதினேழு நிமிஷம்.

தட்டுவடை செட், முறுக்கு நொறுக்கல் எல்லாம் ரேஸ் முடிஞ்சு. சேலத்துக்கு வந்துட்டு அதைச் சாப்பிடாமப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா எண்ணெய்ப் பண்டத்தோட பச்சை வெங்காயமும் பீட்ரூட்டும் காரச் சட்னியும் சேர்ந்து வயித்துக்குள்ள இருக்கும்போது பன்னிரண்டரை ரவுண்டு ஓடுறது வேற மாதிரி அனுபவம். அதெல்லாம் சாயங்காலக் கடை. சாயங்காலமே போங்க. ஜெயிச்சா செல்வி மெஸ்ல மட்டன். தோத்தாலும் அதேதான், காசு இருந்தா.

காசு இருந்தா

இந்தக் கட்டுரையை நான் எழுத உண்மையான காரணம் இந்த ரெண்டு வார்த்தைதான்.

போன வருஷ மீட்ல நம்ம டீம்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன். ஏற்காடு மலையில ஒரு கிராமம். அப்பா அம்மா ரெண்டு பேரும் காபித் தோட்டத்துல வேலை. சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் 1820கள்ல கொண்டுவந்த காபி, இன்னிக்கும் அந்த மலையில பாதி வீட்டுல அடுப்பு எரியுறது அதுலதான். பையன் எங்க ஊர் வழியா வர்ற பஸ் பிடிச்சு ஆறு மணிக்கெல்லாம் ஸ்டேடியம் வந்துட்டான். எல்லாரும் இட்லி வண்டிக்குப் போனப்ப அவன் மட்டும் ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே இருந்தான். கேட்டேன்.

"பசிக்கலண்ணா."

டிஃபன் கடை வீட்டுல பொறந்தவனுக்கு அந்தக் குரல் தெரியும். பசிக்காதவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொல்ல மாட்டான். கையில திரும்பிப் போக பஸ் காசு மட்டும் இருந்துச்சு. நமக்கு டிஏ உண்டு, ஆனா மீட் முடிஞ்சு பில் கொடுத்தாத்தான் வரும். தள்ளுவண்டி அக்கா எந்தக் காலத்துல பில் கொடுத்தாங்க? பில் தர்ற ஹோட்டல்ல அவனால சாப்பிட முடியாது, அவனால முடியுற இடத்துல பில் கிடையாது.

கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். அக்கா அவன் மூஞ்சியைப் பாத்துட்டு, "ஓடுற புள்ளையா? இன்னும் ரெண்டு வெச்சுக்க கண்ணு"ன்னு அவங்களாவே தட்டுல போட்டாங்க. அன்னிக்கு ஏழரைக்குன்னு சொன்ன 5000, பதினொண்ணரைக்குத்தான் நடந்துச்சு. அந்த நாலு மணி நேரம் அவன் வெறும் வயித்தோட வெயில்ல நின்னிருந்தா? எங்க டீம்ல அன்னிக்கு முதல்ல வந்தவன் அவன்தான். என்னை ஒரு முழு ரவுண்டு தாண்டிப் போனான், அதையும் சொல்லிடுறேன்.

அப்புறம் பழகினப்ப அவன் வீட்டுச் சாப்பாட்டைப் பத்திச் சொன்னான். ராகிக் களி, சாமைச் சோறு. கூச்சப்பட்டுக்கிட்டேதான் சொன்னான். நான் கென்யாவைப் பத்திச் சொன்னேன். உலகத்துலேயே நல்லா நீண்ட தூரம் ஓடுறவங்க தினமும் சாப்பிடுறது உகாலி, அதாவது மக்காச்சோள மாவுல கிண்டின களி. அவங்க சாப்பாட்டுல முக்கால் பங்கு மாவுச்சத்துதான். அவங்க பயிற்சி எடுக்கிற ஈட்டன் ஊர் சுமார் 2400 மீட்டர் உயரம், நம்ம ஏற்காடு சுமார் 1500. களியும் மலையும் உனக்கு ஏற்கனவே இருக்குடா, இட்லி ஒண்ணுதான் குறைன்னேன். சிரிச்சான்.

நம்ம மாவட்டத்துல இது புதுக்கதை இல்ல. ரியோ 2016 பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கின மாரியப்பன் தங்கவேலுவோட அம்மா காய்கறி வித்தவங்க. கிரிக்கெட்டர் நடராஜனோட அம்மா சின்னப்பம்பட்டியில ரோட்டோர சிக்கன் கடை போட்டவங்க. ஓடுற, தாண்டுற, பந்து போடுற பிள்ளைங்க பின்னாடி பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட அடுப்பு இருக்கு.

அந்த மீட்டுக்கு அப்புறம் டீம்ல ஒரு ஹார்லிக்ஸ் டப்பா வெச்சோம். பேரு இட்லி ஃபண்ட். மாசம் ஆளுக்கு 20 ரூபாய், முடிஞ்சவங்க மட்டும். யார் போட்டாங்க, யார் போடலன்னு நோட்டு கிடையாது. மீட் அன்னிக்குக் காலையில எல்லாரும் சேர்ந்தே போவோம், பணத்தை ஒருத்தன் மொத்தமாக் கொடுப்பான். அதனால யாரும் யார்கிட்டயும் "பசிக்கல"ன்னு சொல்ல வேண்டியதில்ல. இது வரைக்கும் டப்பா ஒரு தடவை கூடக் காலியானதில்ல. பழைய சீனியர் ஒருத்தர் வேலை கிடைச்சதும் 500 ரூபாய் அனுப்பினார், டப்பாவுக்குன்னு மட்டும் சொல்லி.

அதனால ஜூனியர்ஸ், சுருக்கமா எழுதிக்குங்க. முந்தின நாள் ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்குங்க. ஓடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நாலு இட்லி, ஒரு பழம். ஈவன்ட் நிச்சயம் லேட்டாகும், பையில இன்னும் ரெண்டு பழமும் கடலை மிட்டாயும் வெச்சுக்குங்க. புதுசா எதையும் அன்னிக்கு முயற்சி பண்ணாதீங்க. வண்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டீம்ல எத்தனை பேர்னு எண்ணுங்க. எண்ணிக்கை குறைஞ்சா, யாரு ஷூ லேஸ் கட்டிக்கிட்டே இருக்கான்னு திரும்பிப் பாருங்க.

டப்பா இப்போ என் ரூம்ல, கட்டிலுக்குக் கீழ இருக்கு. ஏப்ரலுக்குள்ள யாராவது வந்து வாங்கிக்குங்க.