தொட்டியின் அடியில் ஓர் உலகம்

செடிகள் அசைய, வண்ண மீன்கள் உலவும் கண்ணாடித் தொட்டி இன்று பல இல்லங்களின் கூடத்தை அழகு செய்கிறது. பிள்ளைகள் ஆசையோடு கேட்கிறார்கள். பெற்றோரும் வாங்கித் தருகிறோம். ஆயின், அதன் அடியில் பரப்பியுள்ள பொடிக்கற்களை எவ்வாறு துப்புரவு செய்வது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

நாம் அறிந்த இல்லம் ஒன்றில் கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டு வெள்ளையடித்தார்கள். வீடெல்லாம் பளிச்சிடும்போது மீன் தொட்டி மட்டும் அழுக்காய் இருக்கலாமா? செடிகளைப் பிடுங்கி, கற்கள் யாவற்றையும் வாரி எடுத்து, குழாயடியில் அரிசி களைவதுபோல் களைந்து, வெயிலில் உலர்த்தி மீண்டும் பரப்பினார்கள். புதுநீர் பளிங்கெனத் தெளிந்திருந்தது. ஐந்தாம் நாள் மீன்கள் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திணறின. விழாவன்று காலையில் பெரும்பாலானவை செத்து மிதந்தன. பிள்ளைகளைத் தேற்றுவதே பெரும்பாடாயிற்று. "இவ்வளவு நன்றாகக் கழுவினோமே!" என்று திகைத்தார் அவர்களுடைய தாயார்.

நன்றாகக் கழுவியதே கேடாயிற்று. மீனின் கழிவும், தின்னாது விட்ட தீனியும் அழுகும்போது அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கற்களின்மேல் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறு சில நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக்கித் தீங்கைக் குறைக்கின்றன. அந்த நைட்ரேட் செடிகளுக்கு உரமாகிறது. இத்தகைய நுண்ணுயிர்களை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டிலேயே பிரித்தறிந்தார். கற்களைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசி வெயிலில் காய வைத்தால் இந்த ஊழியர்கள் மாண்டுபோகிறார்கள். மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை மீன்கள் தம் கழிவின் நஞ்சிலேயே நீந்தவேண்டியதுதான். அவ்வில்லத்தில் செடிகளும் வேரறுந்து வாடியமையால் அவற்றின் துணையும் இல்லாது போயிற்று.

அப்படியாயின் அழுக்கை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. ஆங்கிலேய வேதியியலார் ராபர்ட் வாரிங்டன் 1849-1850இல் தங்க மீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் ஒரே தொட்டியில் வளர்த்தபோது, உதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கின. அழுகலை உண்ணும் நத்தைகளை விட்ட பின்னரே நீர் தெளிந்தது. அழுகுவது அகற்றப்படவேண்டும், வாழ்வது காக்கப்படவேண்டும். வேலையின் நுட்பம் அவ்வளவே.

இதற்கு வாய் அகன்ற சைபன் குழாய் ஒன்று போதும். குழாயில் முன்னரே நீர் நிரப்பி, மறுமுனையைத் தாழ வைத்த வாளியில் விட்டால் நீர் தானே இறங்கும். செடியில்லாத வெற்றிடங்களில் குழாயின் வாயைக் கற்களுக்குள் மெல்ல அழுத்தவேண்டும். கற்கள் எழும்பிப் புரண்டு தம் எடையால் கீழே விழும். இலேசான கசடு நீரோடு வெளியேறும். கற்கள் மிகவும் மேலேறினால் குழாயை விரலால் நெருக்கினால் போதும். செடிகளின் அருகே குழாயை ஊன்றலாகாது. கல்லுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, படிந்த கசடை மட்டும் வாங்கவேண்டும். வேரடியில் தங்கும் கசடு அச்செடிக்கு உணவு. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டியை போன்ற செடிகளோ, வேரைக் கலைத்தால் இலை முழுவதும் கரைந்து போகும்.

ஒரே நாளில் தொட்டி முழுவதையும் கிளறாமல், ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு தரையைத் துப்புரவு செய்வது நலம். நீரிலும் கால் பங்குக்குமேல் எடுக்கவேண்டியதில்லை. 60 லிட்டர் தொட்டியானால் 15 லிட்டர் போதும். புதிதாக ஊற்றும் குழாய் நீரை முதல் நாளே அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பெரிதும் அகலும். சோப்பு எவ்வடிவிலும் உள்ளே செல்லலாகாது. இரண்டு நிமிடங்களில் தின்று தீர்க்குமளவே தீனி இட்டால் கசடு சேர்வதும் குறையும். வடித்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். முற்றத்து ரோஜாவுக்கு அது நல்ல உரம்.

இவ்வேலையைப் பிள்ளைகளைக் கொண்டே, பெரியவர்கள் அருகிலிருந்து செய்வியுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் தொட்டியில் உழைக்கின்றன என்பதை அறிந்த பிள்ளை, குழாயை அவசரமாக ஊன்றாது. பண்டிகைக்குப் பண்டிகை ஒரே மூச்சாய்க் கழுவுவதைவிட, வாரந்தோறும் அரைமணி நேரம் பொறுமையோடு செய்யும் பணியே அம்மீன்களை வாழவைக்கும்.