துவைத்தால்தான் தங்கும்!

ஊட்டிக்கு ஐ.வி. போன ஆளா நீங்கள்? அப்படியென்றால், பொட்டானிக்கல் கார்டன் பக்கம் இருக்கிற திபெத்தியர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு ஸ்வெட்டராவது வாங்கியிருப்பீர்கள். பஸ் மேட்டுப்பாளையம் வந்ததும் அதைக் கழற்றிப் பையில் திணித்திருப்பீர்கள். இப்போது அது ஹாஸ்டலில் யாருக்கோ தலையணை!

தப்பே இல்லை பாஸ். அந்த மாதிரி ஸ்வெட்டர்களில் நிறைய அக்ரிலிக். அதாவது பிளாஸ்டிக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. சந்தேகமா? ஓரத்தில் ஒரு நூல் உருவி, கொளுத்திப் பாருங்கள். உருகிக் கெட்டியான உருண்டையானால் அக்ரிலிக். முடி பொசுங்குகிற நாற்றம் வந்து, சாம்பல் பொடிப்பொடியானால் நிஜக் கம்பளி.

அக்ரிலிக் அடி உதை தாங்கும். கம்பளி தாங்காது. அதிலும் காஷ்மியர் இருக்கிறதே... அது ராஜபரம்பரை!

லடாக்கின் சாங்தாங் பகுதி, 14,000 அடிக்கும் மேலே. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிகூட சர்வசாதாரணம். அந்தக் குளிரைத் தாங்க அங்குள்ள ஆடுகளுக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி வளரும். வெயில் காலம் தொடங்கும்போது அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள் சாங்பா மக்கள். ஓர் ஆட்டுக்கு வருஷத்துக்குக் கால் கிலோ கிடைத்தாலே பெரிய விஷயம். அதிலும் முரட்டு முடியைப் பிரித்தெடுத்த பிறகு பாதிதான் தேறும். ஓர் இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான். நம் தலைமுடி இதைப்போல நாலைந்து மடங்கு தடிமன்!

நான் குன்னூர்ப் பொண்ணு. படிப்பது கோவையில், மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். எங்கள் வீட்டிலும் ஒரே ஒரு காஷ்மியர் ஸ்வெட்டர் உண்டு. ராணுவத்தில் இருந்த அப்பா, லடாக் போஸ்டிங் முடிந்து வரும்போது லே பஜாரில் தனக்காக வாங்கிய ஒரே பொருள் அதுதான். 2021-ல் அப்பா போய்விட்டார். கடைசியாகப் போட்டுக் கழற்றிய அந்த ஸ்வெட்டரை அப்படியே மடித்து பீரோவில் வைத்துவிட்டார் அம்மா. துவைக்கவில்லை. நீலகிரித் தைலமும் ஷேவிங் லோஷனும் கலந்த அப்பா வாசனை அதில் இருந்தது. அந்துருண்டை போட்டால் அந்த வாசனையை அது முழுங்கிவிடும் என்று அதுவும் போடவில்லை.

2023 டிசம்பரில் பீரோவைத் திறந்தால், ஸ்வெட்டரில் மூன்று ஓட்டை.

அந்துப்பூச்சி பற்றி அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். பறக்கிற பூச்சி துணியைத் தின்பதே இல்லை. தின்பது அதன் புழுக்கள். கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்கிற புரதம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. வெறும் கம்பளியைவிட, வியர்வையும் உடம்பு எண்ணெயும் படிந்த கம்பளி என்றால் இன்னும் குஷி. புரிகிறதா? எதை அப்பா வாசனை என்று அம்மா பொத்திப் பொத்தி வைத்தாரோ, அதுதான் புழுவுக்கு விருந்து!

சொன்னேன். “போடி... துவைச்சுட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?” என்றார். நான் மேற்கொண்டு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து, “என்ன சோப்புன்னு சொல்லு” என்றார்.

இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் உதவியது. கம்பளி இழையின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருக்கும். சூடான நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ராட்செட் மாதிரி ஒரு பக்கமாகவே நகர்ந்து, ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். திரும்பி வராது. எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தியின் கம்பளி ஸ்வெட்டர் வாஷிங் மெஷினுக்குள் எக்ஸ்.எல். சைஸில் போய், எல்.கே.ஜி. சைஸில் வந்தது இப்படித்தான். சாதாரண சோப்புத் தூளில் உள்ள காரமும், கறை போக்கும் என்சைமும் புரதத்தை அரிக்கும். ஈஸி மாதிரி கம்பளிக்கான திரவ சோப்பு நல்லது. இல்லையா, மைல்டான ஷாம்பு. அதுவும் முடிதானே!

பிப்ரவரியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்தோம். கை வைத்தால் சூடும் இல்லை, குளிரும் இல்லை என்கிற தண்ணீர். ஸ்வெட்டரை ஒருமுறை முகத்தில் புதைத்துவிட்டு, அம்மாவே பக்கெட்டில் இறக்கினார். பத்து நிமிஷம் ஊறல், மெல்ல அமுக்கல், அதே சூட்டுத் தண்ணீரில் அலசல். முறுக்கிப் பிழியவில்லை. டவலில் வைத்துச் சுருட்டி அமுக்கினோம். கொடியில் தொங்கவிட்டால் ஈர வெயிட்டில் நீண்டுவிடும் என்பதால், நிழலில் கட்டில் மேல் விரித்துப் போட்டோம். காய இரண்டு நாள் ஆனது. ஓட்டைகளை ஊசி நூலால் வலை மாதிரி பின்னி அடைத்தார் அம்மா.

வாசனை போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால், இடது முழங்கையில் அப்பா மேஜையில் ஊன்றி ஊன்றி மெலிந்துபோன இடம் அப்படியே இருந்தது. அம்மா அதைத்தான் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது குளிர் நாட்களில் அம்மாதான் அதைப் போட்டுக்கொள்கிறார். பூச்சிக்கு இருட்டும் அசையாத துணியும்தான் பிடிக்கும். எடுத்துப் போடுகிற துணியில் அது அவ்வளவாகத் தங்காது. குளிர் முடிந்ததும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, ஹேங்கரில் மாட்டாமல் மடித்து, காற்றுப் புகாத கவரில் வைக்கிறோம். உருண்டு நிற்கும் சின்னச் சின்னப் பந்துகளைப் பிய்க்காமல் சீப்பால் வாரி எடுக்கிறோம். அவ்வளவுதான் பராமரிப்பு!

உங்கள் வீட்டு பீரோவிலும் யாரோ ஒருவருடைய பட்டுச் சேலையோ, சால்வையோ ‘தொடாதே’ என்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். இந்த செமஸ்டர் லீவில் அதை எடுத்து வெளிச்சத்தில் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள் ஃப்ரெண்ட்ஸ். நாம் தொடாமல் வைத்தாலும் பூச்சி தொடும்!