பங்குன்னா என்ன?

பி.காம். படிக்கிற என்னைக் கேட்டா பங்குன்னா ஷேர். எங்க அம்மாவைக் கேட்டா பங்குன்னா சர்ச். பங்குச் சாமியார், பங்குத் திருவிழா... ரெண்டுக்கும் ஒரே வார்த்தைங்கறது எனக்கு இத்தனை நாளா உறைக்கவே இல்லை. போன மாசம்தான் உறைச்சது. (யாரையும் மதம் மாத்த வரலை, தைரியமா படிங்க!)

எங்க வீடு ஒரகடம் பக்கம். கம்பெனிங்க வந்தப்புறம் ஊர்ல பல பேர் செஞ்சதையே அப்பாவும் செஞ்சார். வீட்டுக்குப் பின்னாடி ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டார். ரூமுக்கு ஆறேழு பேர், தலைக்கு இவ்வளவுன்னு வாடகை. கணக்கு நோட்டு என் பொறுப்பு. என் காலேஜ் ஃபீஸும் அதுல இருந்துதான்.

அதுல ஒரு ஜார்கண்ட் பையன். என் வயசுதான். கழுத்துல ஜெபமாலை. ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் இல்லைன்னா எங்க சர்ச்சுக்கே வந்து கடைசி வரிசைல நிப்பான். தமிழ் புரியாது, ஆனா எப்ப முட்டி போடணும்னு தெரியும். சமாதானம் சொல்ற நேரத்துல திரும்பி அவனுக்கு ஒரு கும்பிடு போடுவேன். அதோட சரி.

போன மாசம் அவனுக்கு மஞ்சக்காமாலை. அடுத்த வாரம் பக்கத்து ரூம்ல இன்னும் ரெண்டு பேருக்கு. "கண்ட கடைல தின்னா வராதா?"ன்னார் அப்பா. நானும் தலையாட்டினேன். ராத்திரி நோட்டைப் புரட்டினா, 'தொட்டி கழுவ'ன்னு கடைசியா செலவு எழுதி எட்டு மாசம் ஆச்சு. தண்ணியாலதான் வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா மாடி ஏறி தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். அன்னிக்கு சாப்பாடு இறங்கலை.

அந்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அம்மாகிட்ட கத்தினது, பொய் சொன்னது எல்லாம் சொன்னேன். தொட்டியைச் சொல்லலை. அது 'என்' பாவம்னு தோணவே இல்லை. வீடு அப்பாவோடது, ஆளைக் கூட்டிட்டு வந்தது காண்ட்ராக்டர், வேலை வாங்கறது கம்பெனி. நான் வெறும் கணக்குப்பிள்ளை!

நம்ம ஏரியாவுக்கு இது புதுசு இல்லை. 2021 டிசம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள், ஹாஸ்டல் சாப்பாட்டால உடம்பு கெட்டுப்போய் ரோட்டுல உட்கார்ந்தாங்க. ஒரே ஹாஸ்டல்ல இருந்து 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனதா செய்தி வந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்களோட தரத்துல இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிச்சு. இதுல பாவி யாரு? சமைச்சவரா, ஹாஸ்டல் நடத்தினவரா, கம்பெனியா, ஃபோன் வாங்கினவங்களா?

பைபிள்லயே இந்த இழுபறி இருக்கு. யோசுவா 7ஆம் அதிகாரத்துல ஆக்கான்னு ஒருத்தன் திருடி கூடாரத்துல புதைக்கிறான். செத்தது சம்பந்தமே இல்லாத 36 பேர். எசேக்கியேல் 18லயோ அப்பன் குற்றத்தைப் பிள்ளை சுமக்க வேண்டாம்னு இருக்கு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருந்தது. வசதியா இருந்ததே!

ஆனா போப் ரெண்டாம் ஜான் பால் 1984ல எழுதின மடல்ல ஒரு விஷயம் சொல்றார். சமூகப் பாவங்கறது யாருமே பொறுப்பில்லாம தானா முளைச்சதில்லை. அது பல பேரோட சொந்தப் பாவங்கள் சேர்ந்தது. தடுக்க முடிஞ்சும் பயத்தாலயோ சோம்பலாலயோ சும்மா இருந்தவங்களும் அந்தக் கணக்குல வருவாங்க. பூசை ஆரம்பத்துல நெஞ்சுல தட்டிக்கிட்டு சொல்றோமே, அதுலயும் செஞ்சது மட்டுமில்ல, செய்யத் தவறினதும் வருது. கடவுள்கிட்ட மட்டுமில்ல, பக்கத்துல நிக்கிறவங்ககிட்டயும்தான் சொல்றோம். கடைசி வரிசைல நிக்கிறவன்கிட்டயும்.

1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 25. எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணினது. நிறுவனத்தோட பொறுப்புகளுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் மத்தவங்களோட கூட்டாவும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு. கடன்காரன் வந்து நின்னா 'என் பாதியை மட்டும் வாங்கிக்கோ'ன்னு சொல்ல முடியாது. லாபத்துல ஃபீஸ் கட்டினவன் நஷ்டத்துல நழுவ முடியுமா?

மறுபடி போய்ச் சொன்னேன். சாமியார் கேட்டது ஒரே கேள்வி. "தொட்டியைக் கழுவியாச்சா?"

கழுவியாச்சு. அப்பா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசலை. அப்புறம் அவரே பிளீச்சிங் பவுடர் வாங்கிட்டு வந்தார்.

போன வாரம் அன்பியக் கூட்டத்துல இதைச் சொன்னேன். வந்திருந்த பத்துக் குடும்பத்துல ஏழு குடும்பம் ரூம் விட்டிருக்கு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒரு அத்தை மெதுவா, "எங்க வீட்டுத் தொட்டியையும் வந்து பாரு தம்பி"ன்னாங்க. மத்த ஆறு வீடு இன்னும் வாயைத் திறக்கலை.

அந்தப் பையன் உடம்பு தேற ஊருக்குப் போயிருக்கான். திரும்பி வருவானான்னு தெரியலை. மன்னிப்புக் கேட்க எனக்கு ஹிந்தியும் தெரியலை. கத்துக்கணும்.