தென்முனை கண்ட உழவுப்பொறி

வயலை உழுவதற்கெனச் செய்த பொறி பனிப்பாலையைக் கடக்குமோ? கடந்தது என்கிறது வரலாறு.

எவரெஸ்டு வீரர் எட்மண்டு ஹிலாரி, 1957ஆம் ஆண்டில் நியூசிலாந்துக் குழுவின் தலைவராய் அண்டார்க்டிகாவில் தங்கியிருந்தார். அக்கண்டத்தைக் குறுக்கே கடக்க முனைந்த விவியன் ஃபக்ஸ் என்பாருக்காக, எரிபொருளையும் உணவையும் வழியில் சேர்த்து வைப்பது அவர் கடமை. ஃபக்ஸிடம் பனிவெளிக்கென்றே அமைந்த விலைமிக்க ஊர்திகள் இருந்தன. ஹிலாரி பெரிதும் நம்பியவையோ எளிய ஃபெர்குசன் டிராக்டர்கள்.

கதிரவன் தோன்றாத குளிர்காலத் திங்கள்களில், ஜிம் பேட்ஸ், மரே எல்லிஸ் என்னும் பொறிவல்லுநர் இருவரும் ஸ்காட்டுத் தளத்தில் அவற்றைத் திருத்தியமைத்தனர். பனியில் புதையாதிருக்கச் சக்கரங்களைச் சுற்றித் தொடர்பட்டைகளைப் பூட்டினர். கடுங்காற்றைத் தடுக்கக் கித்தான் மறைப்புக் கட்டினர். வண்டி கவிழின் ஓட்டுநர் நசுங்காதிருக்க வலிய இரும்புச் சட்டம் பொருத்தினர். கையிலிருந்த பொருள்களைக் கொண்டு, சறுக்குவண்டியின்மீது சிற்றறை ஒன்றும் அமைத்தனர்.

அக்டோபர் 14ஆம் நாள் அவர்கள் புறப்பட்டனர். பனிப்பிளவில் ஒன்று வீழ்ந்தால் மற்றவை தாங்குமாறு, டிராக்டர்களைக் கயிற்றால் பிணைத்தே செலுத்தினர். 1958 சனவரி 4ஆம் நாள் மூன்று டிராக்டர்கள் தென்முனையை அடைந்தன. தரைவழியே அங்குச் சென்ற முதல் மோட்டார் ஊர்திகள் அவையே!

உயிரை ஒப்படைக்கும் முன்னர்ப் பொறியின் குறைகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, எளிய பொருளால் மாற்றுக் கண்டவர்களுக்கே அப்பெருமை உரியது.