பாப்பாவும் பதினாறு குகைகளும்

"குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறோம்" என்று வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். தெருவில் உள்ள அத்தனை பேரும் டாக்டராகி விடுவார்கள்! "குளிர் நெஞ்சில் இறங்கிவிடும்" என்றாள் எதிர்வீட்டு மாமி. "மலை ஏறும்போது காது அடைத்துக் குழந்தை வீரிட்டு அழும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளிக் குல்லாய் ஒன்றைக் கொண்டு வந்து பெட்டியின் மேல் வைத்தார், அவ்வளவுதான்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவள் நான்தான். ஆறாவது மாதத்தில் பாப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அன்று முதல் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி அவளை நான் எங்கும் எடுத்துப் போனதில்லை. இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. "இப்படியே இருந்தால் இவளைப் பள்ளிக்கூடத்துக்காவது அனுப்புவாயா?" என்று கேட்டார் என் கணவர். கேட்டதோடு நிற்காமல் டிக்கெட்டும் வாங்கி வந்துவிட்டார்.

சென்னையில் இரவு ஏறினால் பொழுது விடியும் வேளையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் நம்மை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடுகிறது. அங்கே நீல நிறப் பெட்டிகளுடன் மலை ரயில் தயாராக நிற்கிறது. குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 46 கிலோ மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 5 மணி நேரம்! அவசரக்காரர்களுக்குப் பஸ் இருக்கிறது. குழந்தை வைத்திருப்பவர்களுக்கோ இந்த ஆமை வேகமே வரப்பிரசாதம். உயரம் மெதுவாகக் கூடுவதால் காதும் மெதுவாகப் பழகிக்கொள்கிறது. ஏறும் வழியில் அவ்வப்போது பாலோ தண்ணீரோ கொடுத்து விழுங்க வையுங்கள். காது அடைப்பு விலகிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக வழியும் கிடையாது. ஆகையால் மாற்றுத் துணி, டயாபர், பால் பிளாஸ்க் எல்லாம் கைக்கெட்டும் பையிலேயே இருக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து ரயில் ரத்தாவதும் உண்டு. அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக ஓர் இரும்புப் பாதை தொடங்குகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. என்ஜின் முன்னால் நின்று இழுக்கவில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது, குழந்தையை மாடிப்படி ஏற்றும் தாயைப் போல! ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நின்ற பிரேக்காரர் பச்சைக் கொடியை அசைத்ததும் பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். 'இவளுக்கா பயந்தேன்!' என்று நினைத்தேன்.

நினைத்து வாய் மூடவில்லை, முதல் குகை வந்துவிட்டது. கும்மிருட்டு. பெட்டியில் இருந்த இளவட்டங்கள் "ஓ!" என்று கூச்சலிட்டார்கள். பாப்பா வீரிட்டாள். வெளிச்சம் வந்தும் அழுகை நிற்கவில்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது! எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி வராந்தா கண் முன்னால் வந்து நின்றது. "அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம்" என்றேன். இந்த வழியில் மொத்தம் 16 குகைகள். இன்னும் 15 பாக்கி!

எதிர் பெஞ்சில் அருவங்காட்டுக்குப் போகும் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "முதல்ல அந்தக் குல்லாயையும் சொட்டரையும் கழட்டு அம்மிணி. மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்துல யாராச்சும் இதைப் போடுவாங்களா?" என்றார். கழற்றினேன். உள்ளே சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு குளிர்ந்துவிட்டது. காய்ச்சலுமில்லை, ஒன்றுமில்லை!

பிறகு பாட்டி சொன்னதுதான் நான் மலையிலிருந்து கொண்டு வந்த சாமான்: "குழந்தை குகையைப் பாத்து அழுகலை. வெளிச்சம் வந்ததும் உன்ற மூஞ்சியைத்தான் பாத்துச்சு. நீ பயந்திருந்தே, அதான் அதுவும் பயந்துருச்சு."

அடுத்த குகை வருமுன் அவர் பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "இப்போ இருட்டு வரும், நாம 'கூ' சொல்லலாமா?" என்றார். இருட்டு வந்தது. நாங்கள் மூவரும் "கூ!" என்றோம். வெளிச்சம் வந்ததும் பாப்பா நேராக என் முகத்தைப் பார்த்தாள். வரவழைத்துக்கொண்ட சிரிப்புதான், ஆனாலும் சிரித்தேன். நாலாவது குகையில் "கூ" சொன்னவள் பாப்பா. ஏழாவது குகையில் என் சிரிப்பும் நிஜமாகிவிட்டது!

அருவங்காட்டில் பாட்டி இறங்கிக்கொண்டார். ஊட்டியில் ஐந்து இடங்களைப் பார்ப்பதாகத் திட்டம்; பார்த்தது ஒன்றே ஒன்று. 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், 2 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும் கல்மரம் இருக்கிறது. பாப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புல்தரையில் போன எறும்பு வரிசையை முக்கால் மணி நேரம் பார்த்தாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கல்யாணமான பிறகு நானும் அவரும் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் இரவு மின்சாரம் போய்விட்டது. மெழுகுவத்தியைத் தேடி ஏற்றினேன். பாப்பா கூடத்தின் நடுவில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன்.

"கூ!" என்றாள் பாப்பா.