கட்டத்துக்கு வெளியே நின்ற கோச்

பக் ஓநீல் என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? பேஸ்பால் பார்க்காதவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் கோச் ஆன முதல் கறுப்பினத்தவர் இவர்தான். ஆண்டு 1962. அணி சிகாகோ கப்ஸ். வேடிக்கை என்னவென்றால், கோச் என்று பெயர் கொடுத்தார்களே தவிர, ஆட்டத்தின்போது களத்தில் நின்று அந்த வேலையைச் செய்ய அவரை விடவே இல்லை.

இது புரிய வேண்டுமானால் பேஸ்பாலின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். கிரிக்கெட்டில் ஆட்டம் நடக்கும்போது கோச் பெவிலியனில் உட்கார்ந்திருப்பார். பேஸ்பாலில் அப்படி இல்லை. பேட் செய்யும் அணியின் கோச்சுகள் இரண்டு பேர் களத்திலேயே நிற்பார்கள். ஒருவர் முதல் பேஸ் பக்கம், இன்னொருவர் மூன்றாம் பேஸ் பக்கம். அவர்களுக்கென்று வெள்ளைக் கோட்டில் கட்டம் போட்டிருக்கும். ஓடி வருபவர் அங்கேயே நிற்பதா, ஹோம் பிளேட் வரை ஓடிவிடுவதா என்று கை காட்டுவது மூன்றாம் பேஸ் கோச்சின் வேலை. பந்து எங்கே கிடக்கிறது, அதை எடுப்பவரின் கை எவ்வளவு வலு, ஓடுபவரின் கால் எவ்வளவு வேகம் என்று எல்லாவற்றையும் நொடியில் கணக்குப் போட வேண்டும். தப்பாகக் கை காட்டினால் மொத்த ஸ்டேடியமும் திட்டும்.

இந்த வேலைக்கு ஓநீலுக்குத் தகுதி இல்லையா? அவர் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1911-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் கரபெல் என்ற ஊரில் பிறந்தவர். சரசோட்டாவில் வளர்ந்தார். சிறுவயதில் செலரி வயலில் பெட்டி சுமந்திருக்கிறார். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. படிக்க வேண்டும் என்பதற்காக ஜாக்சன்வில் போய் எட்வர்ட் வாட்டர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

பேஸ்பாலிலும் அதே கதைதான். மேஜர் லீகில் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில்லை. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை இதுதான் நிலைமை. அதனால் அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தினார்கள். நீக்ரோ லீக் என்பது அவற்றின் பெயர். அதில் பேர் பெற்ற அணிகளில் ஒன்று கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ். 1938-இல் ஓநீல் அதில் சேர்ந்து முதல் பேஸில் ஆடினார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். 1948-இல் அதே அணிக்கு மேனேஜர் ஆனார். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்.

யார் எந்த இடத்தில் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. 1955 வரை அந்த வேலை பார்த்தார். அவரிடம் ஆடிய ஒரு பையன்தான் எர்னி பேங்க்ஸ். 1953-இல் கப்ஸ் அணிக்குப் போய் 512 ஹோம் ரன் அடித்தார். இன்றைக்கும் சிகாகோவில் அவருக்கு இருக்கும் மரியாதையே தனி.

பிறகு ஓநீலையும் கப்ஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஸ்கவுட் வேலை. அதாவது ஊர் ஊராகச் சுற்றித் திறமையான பையன்களைக் கண்டுபிடிப்பது. தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளை அவரைப்போல் அறிந்தவர்கள் குறைவு. லூ பிராக் என்ற வீரரைக் கப்ஸுக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். கப்ஸ் பிராக்கை 1964-இல் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அவர் அங்கே போய்ப் பெரிய நட்சத்திரம் ஆனார்.

இப்போது 1962-க்கு வருவோம். அந்தச் சமயத்தில் கப்ஸ் முதலாளி பிலிப் ரிக்லி ஒரு வினோதமான சோதனை செய்துகொண்டிருந்தார். ஒரே மேனேஜர் வேண்டாம், கோச்சுகள் பலர் முறை வைத்து மாறி மாறித் தலைமை ஏற்கட்டும் என்றார். அந்த வருடம்தான் ஓநீலும் கோச் ஆனார். பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆனால் தலைமை ஏற்கும் முறை அவருக்கு வரவே இல்லை.

ஹூஸ்டனில் ஒரு ஆட்டம். அம்பயரோடு சண்டை போட்டதில் தலைமைக் கோச் வெளியேற்றப்பட்டார். அடுத்து மூன்றாம் பேஸ் கோச்சும் வெளியேற்றப்பட்டார். கட்டம் காலி. ஓநீல் பக்கத்திலேயே இருக்கிறார். எட்டு வருடம் ஒரு அணியை நடத்தியவர். அவரைக் கூப்பிடவில்லை. களத்தின் ஒதுக்குப்புறத்தில் பவுலர்களைத் தயார் செய்துகொண்டிருந்த கோச்சை அங்கிருந்து வரவழைத்து அந்தக் கட்டத்தில் நிறுத்தினார்கள்! பின்னாளில் ஓநீல் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

அந்த வருடம் கப்ஸ் எத்தனை ஆட்டம் தோற்றது தெரியுமா? 103. அவ்வளவு தோற்ற அணிக்கும்கூட ஒரு கறுப்பினத்தவர் கை காட்டி ஆட்களை ஓட வைப்பது பிடிக்கவில்லை. காரணம் கஷ்டமானதல்ல. டக்அவுட்டில் உட்கார்ந்து சொல்லித் தருவது ஒன்று. எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்று கட்டளை இடுவது வேறு. ஆடுவதற்குக் கதவைத் திறந்தவர்கள், அதிகாரத்துக்கு உடனே திறக்கவில்லை. மேஜர் லீகின் முதல் கறுப்பின மேனேஜராக ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாண்டில் பொறுப்பேற்றது 1975-இல்தான். ஜாக்கி ராபின்சன் வந்து 28 வருடம் கழித்து!

ஓநீல் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஸ்கவுட் வேலையைத் தொடர்ந்தார். 1990-இல் கான்சஸ் சிட்டியில் நீக்ரோ லீக் மியூசியம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மறந்துபோன ஆட்டக்காரர்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1994-இல் கென் பர்ன்ஸ் எடுத்த பேஸ்பால் ஆவணப்படம் வந்தபோது, 80 வயது தாண்டிய அவரை நாடே ரசித்தது.

2006-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமுக்கு நீக்ரோ லீக் காலத்தைச் சேர்ந்த 17 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் ஓநீல் இல்லை. ஆனாலும் அந்த 17 பேருக்காக மேடையேறிப் பேச அவரைத்தான் அழைத்தார்கள். வேறொருவராக இருந்தால் வரமாட்டேன் என்றிருப்பார். 94 வயதில் அவர் போனார், சிரித்துக்கொண்டே பேசினார், கூடியிருந்தவர்களைக் கைகோத்துப் பாட வைத்தார். அடுத்த அக்டோபரில் இறந்துபோனார். 2021-இல் அவரையும் தேர்ந்தெடுத்து 2022-இல் சேர்த்தார்கள். அப்போது அவர் இறந்து 15 வருடம் ஆகியிருந்தது.

அவரைப் பெருந்தன்மையானவர் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவருடைய பெருந்தன்மையைப் புகழும்போது, அவருக்குச் செய்த அநியாயம் சின்னதாகிவிடக் கூடாது. தாமதமாக விருது கொடுக்கலாம், சிலை வைக்கலாம். 1962-இல் ஹூஸ்டனில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.